ஜான் பேரி: பாண்ட் படங்களுக்கு மிடுக்குக் கொடுத்தவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோக்கியா காலத்தில் பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஜேம்ஸ் பாண்ட் மெட்டு அலறும். அந்த மெட்டுக்கு அந்த மிடுக்கைக் கொடுத்தவர் ஜான் பேரி என்ற ஆங்கிலேயர். அதே ஆள்தான் 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' படத்தின் நீளமான, ஏக்கமான வயலின் இசையையும் எழுதினார் என்று சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. பின்னணி இசை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் அவரைப் பற்றி என்னிடம் கேட்பவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். இனி கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டிவிடலாம்.

ஜான் பேரி யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1933 நவம்பர் 3 அன்று வட இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தவர். முழுப்பெயர் ஜான் பேரி ப்ரெண்டர்காஸ்ட். மேடைக்கு வந்தபோது வாயில் நுழையாத கடைசிப் பகுதியைக் கழற்றி வைத்துவிட்டார். பதினொரு பாண்ட் படங்களுக்கு இசையமைத்தார். ஐந்து ஆஸ்கர், நான்கு கிராமி வாங்கினார். 1999-இல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. பட்டம் வந்தது, 2005-இல் பிரிட்டிஷ் திரைப்பட அகாதமியான பாஃப்டாவின் ஃபெல்லோஷிப். வாழ்க்கையின் பின்பாதி அமெரிக்காவில். 2011 ஜனவரி 30 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆய்ஸ்டர் பே என்ற ஊரில், 77 வயதில், மாரடைப்பால் இறந்தார்.

இசைக் குடும்பமா?

பாதி. அம்மா முறையாகப் பியானோ கற்றவர். ஆனால் பேரியை உருவாக்கியது அப்பாவின் தொழில் என்றுதான் நான் சொல்வேன். அப்பா ஜாக் சேவியர் ப்ரெண்டர்காஸ்ட் வட இங்கிலாந்தில் எட்டு சினிமா தியேட்டர்களை வைத்து நடத்தியவர். பேரி தன் முதல் நினைவாகச் சொல்வதே தியேட்டர்தான்: அப்பா அவரைத் தூக்கிக்கொண்டு அரங்கின் பின்கதவைத் தள்ளித் திறக்கிறார், இருட்டுக்கு நடுவே திரையில் பெரிய கறுப்பு வெள்ளை எலி ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. மிக்கி மவுஸ்.

தியேட்டர்காரர் வீட்டுப் பிள்ளை படம் பார்ப்பதும் நாம் படம் பார்ப்பதும் ஒன்றல்ல. நாம் காசு கொடுத்து ஒருமுறை பார்ப்போம். அவனுக்கு ஒரே படம் வாரம் முழுக்க ஓடும். கதை முதல் நாளே தெரிந்துவிடும். அப்புறம் கவனிக்க மிச்சம் இருப்பது எந்த இடத்தில் ஜனம் சிரிக்கிறது, எந்த இடத்தில் நாற்காலி கிரீச்சிடுகிறது, எந்த இடத்தில் இசை வந்ததும் அரங்கம் அடங்குகிறது என்பதுதான். யார்க்கில் இருந்த ரியால்டோ என்ற அவர்களது அரங்கில் படத்தோடு ஜாஸ் கச்சேரிகளும் நடக்கும். பெரிய அமெரிக்க வாத்தியக் குழுக்கள் வந்து வாசித்துப் போன மேடை அது. சினிமா, ஜாஸ் இரண்டும் பையனுக்கு ஒரே கூரைக்குக் கீழ் கிடைத்தன.

இன்னொரு பக்கம், யார்க் பேராலயத்தின் ஆர்கன் வித்துவான் ஃப்ரான்சிஸ் ஜாக்சனிடம் பாடம். மேற்கத்தியச் செவ்வியல் இசையின் அடிப்படைகள், ஒரே நேரத்தில் பல குரல்களை ஒன்றோடொன்று முட்டாமல் ஓடவிடும் கலை எல்லாம் அங்கேதான். இந்தப் பாடம் எங்கே கைகொடுத்தது என்று பின்னால் வருகிறேன்.

முறையாக இசைக் கல்லூரியில் படித்தாரா?

இல்லை. கட்டாய ராணுவச் சேவைக்குப் போனார். சைப்ரஸிலும் எகிப்திலும் ராணுவ பேண்டில் டிரம்பெட் ஊதினார். அங்கிருந்தபடியே தபால் வழிப் பாடம் ஒன்றில் சேர்ந்தார். அமெரிக்காவின் ஸ்டான் கென்டன் ஜாஸ் குழுவுக்கு இசைக்கோர்ப்பு செய்துகொண்டிருந்த பில் ரூசோ நடத்திய வகுப்பு அது. எந்த வாத்தியத்தை எந்த வாத்தியத்தோடு சேர்த்தால் என்ன நிறம் வரும் என்பதைத் தபால்காரர் கொண்டுவரும் உறையிலிருந்து படித்தவர் அவர். கென்டன் குழு பித்தளை வாத்தியங்களின் முரட்டு முழக்கத்துக்குப் பேர்போனது. 'கோல்ட்ஃபிங்கர்' பாண்ட் படத்தின் தொடக்கத்தைக் கேட்டால் அந்த உறையில் என்ன வந்தது என்று புரியும்.

பாப் பாட்டுக் குழு வைத்திருந்தாரே?

ஆமாம். 1957-இல் 'ஜான் பேரி செவன்' என்று ஏழு பேர் குழு. கிட்டாரை முன்னால் வைத்து வாசிக்கும் இளவட்டக் குழு. டிவியில் வந்தார்கள், ஊர் ஊராகப் போனார்கள். அவரே பாடிப் பார்த்தார், அதைப் பெரிதாக யாரும் ரசிக்கவில்லை.

நிஜமான திருப்பம் ஆடம் ஃபெய்த் என்ற இளம் பாடகருக்கு இசைக்கோர்ப்பு செய்ததில் வந்தது. 1959 கடைசியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'வாட் டு யூ வான்ட்?' பாட்டில் வயலின்களை வில்லால் இழுக்காமல் விரலால் டிக் டிக் என்று சுண்டி வாசிக்க வைத்திருப்பார். இரண்டு நிமிடம்கூட வராத பாட்டு. அந்தச் சுண்டல்தான் பாட்டுக்கே அடையாளம். அதே ஆடம் ஃபெய்த் 'பீட் கேர்ள்' (1960) படத்தில் நடிக்க, இசைக்குக் குழுத்தலைவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சினிமாவுக்குள் பேரி நுழைந்தது அப்படித்தான்.

சரி, பாண்ட் மெட்டை உண்மையில் யார் போட்டது?

இதைக் கேட்காதவர் இல்லை. பதில் நீளம், பொறுமை வேண்டும்.

1962-இல் முதல் பாண்ட் படமான 'டாக்டர் நோ'வுக்கு இசையமைப்பாளர் மான்டி நார்மன். ரிலீஸ் நெருங்குகிறது. நாயகனுக்கென்று போட்ட மெட்டு தயாரிப்பாளர்களுக்குத் திருப்தி இல்லை. கையில் இருப்பது சில நாட்கள். பேரியைக் கூப்பிட்டு, நார்மன் தந்த மெட்டை வைத்து டைட்டிலுக்கு ஒரு இசையைத் தயார் செய்யச் சொல்கிறார்கள். சுமார் 250 பவுண்டு சம்பளம், பெயர் நார்மனுக்குத்தான் என்பது பேச்சு. அந்தச் சமயத்தில் பேரி படத்தைப் பார்க்கவே இல்லை. இத்தனை நிமிடம் வேண்டும் என்ற அளவு மட்டும்தான் கையில் இருந்தது.

நார்மன் கொடுத்த மெட்டுக்கும் ஒரு பூர்வகதை உண்டு. வி.எஸ். நைபாலின் 'மிஸ்டர் பிஸ்வாஸுக்கு ஒரு வீடு' நாவலை மேடை இசை நாடகமாக்க அவர் முயன்றிருந்தார். கரீபியத் தீவான டிரினிடாட்டில் வாழும் இந்தியர்களைப் பற்றிய கதை. அதற்காகப் போட்டு, மேடையேறாமல் பெட்டியில் கிடந்த ஒரு பாட்டின் மெட்டு வரியைத்தான் பாண்டுக்கு எடுத்துக் கொடுத்தார். சிதாரோடு இழைந்த, இந்தியச் சாயல் உள்ள வரி. உலகத்திலேயே ஆங்கிலத்தனம் மிகுந்த உளவாளியின் மெட்டுக்கு மூலம் ஒரு டிரினிடாட் இந்தியரின் புலம்பல் பாட்டு!

ரெக்கார்டிங் லண்டன் பேஸ்வாட்டரில் இருந்த சி.டி.எஸ். ஸ்டுடியோவில் நடந்தது. கிட்டார் வாசித்தவர் ஜான் பேரி செவனின் விக் ஃப்ளிக். பழைய 1939 கிட்டார். அதன் தடித்த கம்பிகளை, கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்குப் பக்கத்தில், கட்டையான பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) ஓங்கி அடித்தார். அந்த உறுமல் அப்படி வந்தது. அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கூலி சில பவுண்டுதான். படம் வந்ததும் பேரி டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார். டைட்டிலுக்கு மட்டும் என்று நினைத்துச் செய்த இசை படம் நெடுக ஒலிக்கிறது. போன் போட்டுச் சண்டை பிடித்தாராம். அடுத்தடுத்த படங்கள் வரும், பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்ததாம். வந்தன.

விவகாரம் கோர்ட்டுக்குப் போனது 2001-இல். அந்த மெட்டு உண்மையில் பேரியுடையது என்று சண்டே டைம்ஸ் பத்திரிகை 1997-இல் எழுதியிருந்தது. நார்மன் அவதூறு வழக்குப் போட்டார். பேரி சாட்சிக்கூண்டில் ஏறி, மெட்டு என்னுடையதுதான் என்றே சொன்னார். ஜூரிகள் ஒருமனதாக நார்மன் பக்கம் நின்றார்கள். 30,000 பவுண்டு நஷ்டஈடு. 1976 முதல் 1999 வரை மட்டும் அந்த மெட்டு நார்மனுக்குச் சுமார் 6 லட்சம் பவுண்டு ராயல்டி கொண்டுவந்திருந்தது. 250 பவுண்டு வாங்கியவருக்கு வயிறு எரிந்திருக்கும்தானே.

என் கருத்தைக் கேட்டால்: கிட்டார் வரிக்கு விதை நார்மனுடையது. நார்மனின் பழைய பாட்டைக் கேட்டவர் யாரும் அதை மறுக்க முடியாது. ஆனால் நடுவே அந்த டிரம்பெட்டுகள் சிலிர்த்தெழுந்து ஸ்விங்கில் ஆடும் பகுதி, அடியில் ஊரும் அந்த ஏற்ற இறக்கம், கடைசியில் பல சுரங்கள் ஒன்றாக ஒலித்து அந்தரத்தில் நிற்கும் கிட்டார் மீட்டல், இவற்றில் எனக்குக் கேட்பது யார்க் தியேட்டர்காரர் பையன்தான். சட்டப்படி தீர்ப்பு தீர்ப்புதான். டைட்டில் கார்டில் இன்றும் நார்மன் பெயர்தான் வருகிறது.

'பாண்ட் சவுண்ட்' என்கிறார்களே, அப்படி என்ன அதில்?

மூன்று விஷயம் கேளுங்கள்.

முதலாவது, அடியில் ஓடும் அந்த நான்கு சுரம். நம் பாஷையில் சொன்னால், பஞ்சமத்திலிருந்து அரை சுரம் அரை சுரமாக இரண்டு படி ஏறி, வந்த வழியே இறங்கும். அவ்வளவுதான். பூனை மதில் மேல் நடப்பது மாதிரி. எங்கேயும் போய்ச் சேராது, ஆனால் ஏதோ நடக்கப் போகிறது என்று உட்கார வைத்துவிடும். ஹார்மோனியம் இருந்தால் வாசித்துப் பாருங்கள், ஐந்து விநாடியில் பாண்ட் வந்துவிடுவார்.

இரண்டாவது, பித்தளை. டிரம்பெட் உச்சியில் கத்தும், டிராம்போன் அடியில் உறுமும், நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் மிரட்டல். டெரிக் வாட்கின்ஸ் என்ற டிரம்பெட் கலைஞர் 'டாக்டர் நோ'வில் தொடங்கி 'ஸ்கைஃபால்' (2012) வரை எல்லா அதிகாரபூர்வ பாண்ட் படத்திலும் வாசித்திருக்கிறார். நடிகர்கள் ஆறு பேர் மாறினார்கள், அவர் மாறவில்லை.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. சண்டை இசைக்கு நடுவே திடீரென்று வயலின்கள் மெதுவாக, நீளமாக, பெருமூச்சு மாதிரி ஒரு மெட்டை இழுக்கும். 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' (1967) தொடக்கத்தில் மேலிருந்து வழியும் அந்த வயலின்கள் போல. உளவாளிப் படத்துக்கு இத்தனை ஏக்கம் எதற்கு? இந்த மூன்றாவது விஷயம்தான் பின்னால் வளர்ந்து பேரியையே விழுங்கியது.

'கோல்ட்ஃபிங்கர்' பாட்டைப் பற்றி ஏதோ கதை உண்டாமே?

1964. பாடியவர் ஷெர்லி பாஸி. வரிகள் லெஸ்லி பிரிக்கஸ், ஆன்டனி நியூலி. டைட்டில் ஓடுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே பாடினார் பாஸி. கடைசி நீட்டலைப் பிடித்தார். பெயர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, முடியவில்லை. பேரி கையை இறக்கவில்லை. மூச்சு தீர்ந்து மயக்கம் வரும் நிலைக்குப் போனேன் என்று பாஸி பிற்காலத்தில் மேடைக்கு மேடை சிரித்துக்கொண்டே சொல்வார்.

தயாரிப்பாளர் ஹாரி சால்ட்ஸ்மேனுக்குப் பாட்டு அறவே பிடிக்கவில்லை. மாற்ற நேரமில்லாததால் தப்பியது. படத்தின் முழு இசைத்தொகுப்பு அமெரிக்காவில் 1965-இல் முதலிடத்துக்குப் போனது. அதுவரை இருந்த படங்களின் இசையையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பாட்டில்தான் பாண்ட் படத்துக்கு ஒரு சூத்திரம் அமைந்தது: தலைப்பையே பல்லவியாக்கு, பெரிய குரலைக் கூப்பிடு, அந்த மெட்டையே பிரித்துப் படம் முழுக்கத் தூவு.

பிடித்த பாண்ட் பாட்டு எது?

இது எனக்கான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். 1969-இல் வந்த 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பாடியது. நமக்கு நேரம் நிறைய இருக்கிறது என்று பாடும் பாட்டு. வரிகள் ஹால் டேவிட். ஆர்ம்ஸ்ட்ராங் அப்போது நீண்ட நாள் நோயிலிருந்து எழுந்து வந்திருந்தார். பாட முடிந்தது, டிரம்பெட் ஊத முடியவில்லை. வேறொருவர் ஊதினார். 1971 ஜூலையில் அவர் போய்விட்டார். அந்த உடம்போடு நின்று அந்த வரியை அவர் பாடுகிறார் என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தப் பாட்டை வேலை செய்துகொண்டே கேட்க முடிவதில்லை.

வந்த காலத்தில் அது பிரிட்டனில் ஓடவேயில்லை. 1994-இல் ஒரு கின்னஸ் பீர் விளம்பரத்தில் போட்டார்கள், மூன்றாவது இடத்துக்கு ஏறியது. இருபத்தைந்து வருடம் கழித்து.

எல்லா பாண்ட் படங்களுக்கும் அவர்தானா?

இல்லை. 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' (1963) முதல் 'தி லிவிங் டேலைட்ஸ்' (1987) வரை பதினொன்று. நடுவில் ஜார்ஜ் மார்ட்டின், மார்வின் ஹாம்லிஷ், பில் கான்ட்டி என்று வேறு ஆட்களும் செய்தார்கள். கடைசிப் படத்தில் அவரே திரையில் வருவார். முடிவுக் கச்சேரிக் காட்சியில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் அந்த ஒல்லியான மனிதர் பேரிதான். அதன் பிறகு பாண்ட் வேண்டாம் என்று விலகிக்கொண்டார். பத்து வருடம் கழித்து டேவிட் ஆர்னால்ட் என்ற இளைஞர் பழைய பாண்ட் பாடல்களைப் புது மாதிரியாகச் செய்திருந்ததைக் கேட்டுவிட்டு, தயாரிப்புத் தரப்பிடம் அவரைச் சிபாரிசு செய்தவரும் பேரிதான்.

ஐந்து ஆஸ்கரில் பாண்ட் படத்துக்கு எத்தனை?

ஒன்றுகூட இல்லை. பரிந்துரைக்குக்கூடப் போகவில்லை.

முதல் இரண்டும் ஒரே படத்துக்கு, 'பார்ன் ஃப்ரீ' (1966). சிங்கக்குட்டியை வளர்த்துக் காட்டில் விடும் கதை. இசைக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. வரிகள் டான் பிளாக், குரல் மாட் மன்ரோ. மூன்றாவது 'தி லயன் இன் வின்டர்' (1968), நான்காவது 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' (1985), ஐந்தாவது 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' (1990). 'மேரி, குவீன் ஆஃப் ஸ்காட்ஸ்' (1971), 'சாப்ளின்' (1992) இரண்டும் பரிந்துரையோடு நின்றன.

'லயன் இன் வின்டர்' 1183-ஆம் வருடக் கிறிஸ்துமஸில் ஓர் அரச குடும்பம் அடித்துக்கொள்ளும் கதை. அதற்கு லத்தீன் வார்த்தைகளோடு முழுக் கோரஸ் வைத்தார். நேற்றுவரை கிட்டார் குழு நடத்தியவனுக்கு இது எப்படி வந்தது என்று அப்போது ஆச்சரியப்பட்டார்கள். யார்க் பேராலயத்து ஆசிரியரைத் தெரிந்திருந்தால் ஆச்சரியம் குறைந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், ஆஸ்கர் தொடாத படங்களில்தான் அவருடைய துணிச்சல் இருக்கிறது. 'தி இப்கிரஸ் ஃபைல்' (1965) இன்னொரு உளவாளிப் படம், மைக்கேல் கெய்ன் நடித்தது. இந்த உளவாளி கண்ணாடி போட்டவன், தானே காய்கறி வாங்கிச் சமைப்பவன். அவனுக்கு பாண்ட் பித்தளை பொருந்தாது. பேரி சிம்பலம் என்ற வாத்தியத்தை எடுத்தார். நம் சந்தூர் மாதிரி, கம்பிகளைச் சிறு கோலால் தட்டி வாசிப்பது, ஹங்கேரிப் பக்கத்தில் பிரபலம். தூக்கம் வராத இரவில் குழாய் சொட்டுவது போல அந்தப் படம் முழுக்க அது சொட்டிக்கொண்டே இருக்கும். 'மிட்நைட் கௌபாய்' (1969) படத்துக்கோ ஒற்றை ஹார்மோனிகா போதும் என்று முடிவு செய்தார்.

'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா'வை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். மெரில் ஸ்ட்ரீப் முன்சீட்டில், ராபர்ட் ரெட்ஃபோர்டு பின்சீட்டில், மஞ்சள் நிற இரட்டை இறக்கை விமானம். கீழே சமவெளி, அருவி, ஏரி மேல் ஆயிரக்கணக்கில் எழும் பூநாரைகள். வசனம் கிடையாது. முதலில் ஹார்ன் வாத்தியங்கள், அப்புறம் வயலின்கள் ஒரே மெட்டை எடுத்து விரிக்கின்றன. உச்சத்தில் வார்த்தையே இல்லாத ஒரு கோரஸ் சேர்கிறது. அவள் பின்னால் திரும்பாமல் கையை மட்டும் நீட்டுகிறாள். அவன் பிடித்துக்கொள்கிறான். அவ்வளவுதான் காட்சி.

இயக்குநர் சிட்னி போலக்குக்கு முதலில் ஆப்பிரிக்க மரபு இசையைப் போடும் எண்ணம் இருந்தது. பேரி ஒத்துக்கொள்ளவில்லை. இது ஆப்பிரிக்காவைப் பற்றிய படம் இல்லை, அங்கே வந்து அந்த மண்ணையும் ஒருவரையொருவரையும் காதலித்த இரண்டு வெளியாட்களின் படம் என்பது அவர் வாதம். அது நேர்மையான வாதம் என்றே நினைக்கிறேன். கென்யர்களின் கண்ணிலிருந்து பார்த்தால் குறையும் சொல்லலாம், அது இசையை விடப் படத்தின் மேல் விழும் குறை.

இன்னொன்று: இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான அந்தப் படத்தில் பெரும்பகுதி இசையே இல்லாமல்தான் நகரும். எங்கே வாசிக்கக்கூடாது என்பது தெரிந்தவர். இதை நான் முதலில் கேட்டது நள்ளிரவு கேபிள் டிவியில், கரகரக்கும் ஸ்பீக்கரில். அதிலேயே தொண்டை அடைத்தது.

நடுவில் சாவின் விளிம்புக்குப் போய் வந்தார் என்கிறார்களே?

1988-இல் உணவுக்குழாய் கிழிந்துவிட்டது. ஏதோ ஆரோக்கிய பானம் குடித்ததில் வந்த வினை என்பார்கள். அறுவை சிகிச்சை ஒன்றல்ல, பல. ஏறக்குறைய இரண்டு வருடம் வேலை இல்லை. அந்த முடக்கத்துக்குப் பிறகு வந்த பெரிய படம் 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்'. மூன்று மணி நேரப் படம், புல்வெளி, ஆளில்லாத ராணுவ முகாம், ஒரு தனி மனிதன். செத்துப் பிழைத்தவன் எழுதிய இசை என்று தெரிந்துகொண்டு கேட்டால் அந்த டிரம்பெட் தொடக்கம் வேறு மாதிரி கேட்கும்.

எல்லாப் படத்துக்கும் ஒரே இசையைத்தான் போட்டார் என்ற குற்றச்சாட்டு சரியா?

பாதி சரி. மறைப்பானேன். 1980-க்குப் பிறகு அவருடைய வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. மெதுவான வயலின், கீழே ஹார்ன், நான்கு நான்கு அளவாக நகரும் மெட்டு, திரும்பவும் வயலின். 'சம்வேர் இன் டைம்' (1980), 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா', 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு அடுத்தடுத்துக் கேட்டால் எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்கியது என்று தடுமாறும். தொண்ணூறுகளில் இயக்குநர்களோடு உரசலும் வந்தது. 'தி ஹார்ஸ் விஸ்பரர்' போன்ற படங்களில் தொடங்கிவிட்டுப் பாதியில் விலகினார். கடைசிப் படம் 'எனிக்மா' (2001).

ஆனால் அறுபதுகளில் ஒரே வருடத்தில் உளவாளிக்கு ஒரு குரல், நகைச்சுவைக்கு ஒரு குரல், காட்டுக்கு ஒரு குரல் என்று மாறிய ஆளுக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது என்று சொல்ல முடியாது. வயதாக ஆக அவருக்கு அந்த மூன்றாவது விஷயம், அந்தப் பெருமூச்சு, மட்டும் போதும் என்றாகிவிட்டது. அவர் படத்துக்கு வெளியே தன்னிஷ்டத்துக்கு எழுதிய 'தி பியாண்ட்னெஸ் ஆஃப் திங்ஸ்' (1998) தொகுப்பைக் கேளுங்கள். யாரும் கேட்காமல், எந்த இயக்குநரும் இல்லாமல், அதே மெதுவான இசைதான். ஆகவே அது பழக்கதோஷம் என்று தள்ள முடியவில்லை.

குடும்பம்?

நான்கு திருமணம். இரண்டாவது மனைவி, பின்னாளில் பிரான்ஸில் பெரும்புகழ் பெற்ற நடிகை, பாடகி ஜேன் பர்கின். அவர்களுடைய மகள் கேட் பேரி புகைப்படக் கலைஞரானார், 2013-இல் காலமானார். 1978-இல் மணந்த லாரியுடன் கடைசிவரை வாழ்ந்தார். இதற்கு மேல் எனக்கு ஆர்வமில்லை.

மேடை நாடகங்களுக்கும் எழுதினாரா?

எழுதினார். 'பில்லி' (1974) லண்டனில் நன்றாக ஓடியது, மைக்கேல் கிராஃபோர்டு நடித்தார். 'லோலிடா'வை இசை நாடகமாக்கிய 1971 முயற்சி நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயைத் தொடாமலே விழுந்தது. மேடை அவருக்கு முழுதாக வசப்படவில்லை.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் நம்மூர்க்காரர் வழியாக. 1983-இல் வந்த 'ஆக்டபஸி' பாண்ட் படத்தின் ஒரு பகுதி உதய்ப்பூரில் எடுக்கப்பட்டது. இசை பேரி. டைட்டில் பாட்டு ரீட்டா கூலிட்ஜ், வரிகள் டிம் ரைஸ்.

அதில் பாண்டின் உள்ளூர் உதவியாளராக வருபவர் சென்னைக்காரரான டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். பாத்திரத்தின் பெயரும் விஜய்தான். பாம்பாட்டி வேடத்தில் உட்கார்ந்திருக்கும் அவர், வந்திருப்பது தங்கள் ஆள்தான் என்று பாண்டுக்குச் சமிக்ஞை கொடுக்க வேண்டும். எப்படிக் கொடுப்பார்? மகுடியில் பாண்ட் மெட்டையே ஊதுவார்! ரோஜர் மூர் காதைத் தீட்டிக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். பிறகு ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் வில்லன் ஆட்களை அடிப்பதும் அவர்தான்.

படத்தில் வரும் இந்தியா பாம்பு, ஆணிப்படுக்கை, தீ மிதிப்பவர் என்று ஒரு மாதிரியான இந்தியாதான், அதில் புகார் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அந்த மகுடியை மட்டும் நான் மன்னித்துவிட்டேன். டிரினிடாட் இந்தியர் கதைக்காகச் சிதார் சாயலில் பிறந்த ஒரு வரி லண்டன் போய்க் கிட்டாரில் ஏறி, இருபது வருடம் சுற்றிவிட்டு, ராஜஸ்தானில் ஒரு மெட்ராஸ் டென்னிஸ்காரர் கையில் மகுடியாக வந்து சேர்ந்திருக்கிறது.

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதலில் 'கோல்ட்ஃபிங்கர்'. அடுத்து 'தி இப்கிரஸ் ஃபைல்' டைட்டில், இரவில். 1971-இல் வந்த 'தி பர்சுவேடர்ஸ்' டிவி தொடரின் தீம் ஒரு நிமிடச் சொச்சம்தான், அதைத் தவறவிட வேண்டாம். அப்புறம் 'மிட்நைட் கௌபாய்' ஹார்மோனிகா.

'பாடி ஹீட்' (1981) தீமை ஏ.சி. இல்லாத அறையில், மே மாதத்தில் கேளுங்கள். ஃப்ளோரிடா வெயிலில் நடக்கும் கொலைக்கதை அது, சாக்ஸபோன் வியர்த்து ஒழுகும். 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா'வைத் தனி இசையாகக் கேட்காமல் படமாகவே பாருங்கள். அந்த விமானம் மேலே எழும் வரை இசைக்காகக் காத்திருக்க வேண்டிவரும், காத்திருங்கள்.